பச்சை வாளி

“கையும் வாளியுமா மாட்டிக்கிட்டான்,” என்றார் சேனாபதி.

அமெரிக்காவில், பேர்லேண்டில் அந்தக் குடியிருப்பின் அசோசியேஷனுக்கு அவர்தான் பிரசிடென்ட். எதிரே குளக்கரையில் பச்சை வாளியோடு நின்றார் எழுபது வயது சீனக்காரர் சென். வாளித் தண்ணீரில் ஒரு கெண்டை துள்ளியது. இங்கிலீஷ் வராத மனிதர், தலையை மட்டும் ஆட்டினார்.

பாசியைத் தின்னட்டும் என்று அசோசியேஷன் விட்ட புல் கெண்டைகள் இரண்டு மாதமாகக் குறைந்துகொண்டே வந்தன. குளம் நாறியது. அடுத்த வாரம் எலெக்‌ஷன். திருடனைப் பிடிக்காவிட்டால் சேனாபதியின் பதவி கோவிந்தா.

“கெண்டைன்னா இவங்களுக்கு உசுரு. இஞ்சி, வெங்காயத்தாள் போட்டு ஸ்டீம் பண்ணுவாங்க. யூட்யூப்ல பாத்தேன்,” என்றார் கூடியிருந்தவர்களிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் மீன் குழம்பு கேட்கிற நாக்குதான் இப்படிப் பேசியது.

“விட்ருங்க மாப்ள, வயசான மனுசன்,” என்றார் மாமனார் நஞ்சுண்டன். பவானியிலிருந்து வந்திருக்கிறார். காரில்லாமல் கறிவேப்பிலைகூட வாங்க முடியாத ஊரில், கார் ஓட்டத் தெரியாத அவருக்குக் காலை நடையும் இந்தக் குளமும்தான் கதி.

“நீங்க சும்மா இருங்க மாமா. இவனை வீட்டைக் காலி பண்ண வெச்சுட்டுத்தான் மறுவேலை.”

போலீஸ்காரர் வந்ததும் சேனாபதி செல்போனை நீட்டினார். ஐந்து சனிக்கிழமை ஒளிந்திருந்து எடுத்த வீடியோ. சென் வாளியைத் தூக்கமாட்டாமல் தூக்கி வருகிறார், பிறகு அதை வீசிக்கொண்டே திரும்பிப் போகிறார்.

அதற்குள் சென்னின் மகள் ஓடி வந்தாள். வீடியோவைப் பார்த்தவள் போலீஸ்காரரிடம் படபடவென்று விளக்கினாள். அப்பா மீன் பிடிக்க வரவில்லை. செத்துப்போன அம்மாவுக்குப் புண்ணியம் சேரட்டும் என்று, வாராவாரம் ஒரு கெண்டையை உயிரோடு வாங்கிவந்து இங்கே விடுகிறார். கனத்து வருகிற வாளி காலியாகத்தானே போகிறது, நீங்களே பாருங்கள் என்றாள்.

போலீஸ்காரர் செல்போனைத் திருப்பிக் கொடுத்தார். சென் குனிந்து மீனைக் குளத்தில் விட்டார்.

சேனாபதிக்கு முகம் சுண்டிவிட்டது. அதற்காக விட்டுவிடுவாரா?

“அப்ப நம்ம மீனெல்லாம் எங்க போச்சு? எவன் தின்னான்?” என்று தமிழில் கத்தினார்.

நஞ்சுண்டன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னார்.

“மெதுவாப் பேசுங்க மாப்ள. நேத்து மட்டும் மூணு துண்டு சாப்ட்டீங்க.”