நிலோஜன் அண்ணாட கொண்டெய்னர்

"அம்னாவ வேலையில நிரந்தரமாக்க ஏலாது" எண்டு நிலோஜன் அண்ணா விடியவே சொல்லிற்றார்.

மட்டக்களப்பு டவுன்ல ஒரு பாமசிக்கு மேல்மாடியில எங்கட ஒபிஸ். வெப்சைட் செய்து குடுக்கிறம். அண்ணாதான் எங்களுக்குத் தலைவர். அம்னா காத்தான்குடிப் பிள்ளை, சேர்ந்து ஆறு மாசம். வாப்பா கட்டார்ல இருந்து திரும்பி வந்து வேலையில்லாம இருக்கார். வீடு அவள்ட சம்பளத்திலதான் ஓடுது.

அண்ணா சொன்ன குற்றம் ஒண்டே ஒண்டு. பிள்ளைக்குக் கொண்டெய்னர் தெரியாதாம்.

கொண்டெய்னர் எண்டா வேறொண்டுமில்ல. ஒரு வெப்சைட் ஓட என்னென்ன வேணுமோ, எல்லாத்தையும் ஒரு பெட்டிக்க போட்டு மூடின மாதிரி. எந்தக் கம்பியூட்டர்ல திறந்தாலும் அதுபாட்டுக்கு ஓடும். அம்னா பக்கங்கள அழகாச் செய்வாள், ஆனா தன்ட சொந்த லெப்டொப்பிலதான் ஓட விடுவாள். பெட்டியில போடுற வேலைய அண்ணா ஆரையும் தொட விடமாட்டார். பிறகு எப்பிடி அவள் பழகிறது எண்டு நான் கேட்டன். கொண்டெய்னரப் பத்தி கெம்பஸ் பிள்ளைகளுக்கு ஸூம்ல வகுப்பெடுக்கிற மனிசன், நான் சொல்றதக் காதிலயும் போடல்ல.

கொஞ்ச நேரத்தில பக்கீர் ஹாஜியார் வந்தார். ஓட்டமாவடியில கடை. கல்குடாவில கடலோரமா வெள்ளைக்காரருக்கு அறைகள் வாடகைக்கு விடுறவர். அந்த அறைகளப் புக் பண்ற பக்கத்தச் செய்தது அம்னா. காட்டினது அண்ணா.

பெரிய திரையில பக்கம் பளிச்செண்டு வந்தது. அண்ணாட வாய் மூடல்ல.

"எல்லாம் கொண்டெய்னருக்க இருக்கு ஹாஜியார். இஞ்ச ஆர் இருந்தாலும் போனாலும் இது ஓடிக்கொண்டே இருக்கும்."

ஹாஜியாருக்குத் தேத்தண்ணி வர முந்தியே, அண்ணா அம்னாவ வாசலடிக்குக் கூப்பிட்டு, இண்டையோட சரி எண்டு சொல்லிற்றார். அவள் அழல்ல. மேசைக்கு வந்து லெப்டொப்ப மூடி, பேக்குக்க வெச்சு, இறங்கிப் போயிற்றாள்.

ஹாஜியார் அடுத்த அறையப் பார்க்க எண்டு பட்டன அமத்தினார். திரை வெள்ளையாப் போயிற்று.

அண்ணா வயர இழுத்துப் பார்த்தார். கொண்டெய்னர நிப்பாட்டித் திரும்ப ஓட விட்டுப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தன். அப்பதான் எனக்கு விளங்கிச்சு. அவர்ட பெட்டிக்க அந்தப் பக்கமே இல்ல. அம்னாட லெப்டொப்புக்குப் போற வழி மட்டும்தான் இருந்தது. மனிசனுக்கு அதப் பெட்டியில போடவே தெரியல்ல. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

அண்ணா படியால இறங்கி ஓடினார். அம்னாவக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹாஜியார் பாவம், அவர் என்ன செய்வார் எண்டு நினைச்சிருப்பாள் போல. லெப்டொப்பத் திறந்து வெச்சாள். பக்கம் வந்தது. ஹாஜியார் சந்தோசமா அண்ணாட கையப் பிடிச்சு, நல்ல வேலை தம்பி எண்டு சொல்லிற்றுப் போனார்.

இனியெண்டாலும் வேலையக் குடுப்பார் எண்டு நான் பார்த்துக்கொண்டிருந்தன். அண்ணா வேர்வையத் துடைச்சிற்று, மெதுவா அவளிட்டப் போனார்.

"நாளையிலிருந்து நீங்க வரத் தேவல்ல தங்கச்சி. லெப்டொப்ப மட்டும் ஆரிட்டயாவது குடுத்து விடுங்க."