திரையில் இரண்டு கடிகாரங்கள்

அடிக்கடி வெளிநாடு பறக்கும் பனியன் வியாபாரி சென்னியப்பனுக்காக அவருடைய அக்கா மகள் தாரிணி ஒரு நாட்காட்டிச் செயலி செய்தாள். கைபேசித் திரையில் இரண்டு கடிகாரங்களை வைத்தாள். ஒன்று திருப்பூர் நேரம் காட்டும், மற்றது போன ஊரின் நேரம் காட்டும். இரண்டும் ஒரே அளவு.

"சென்னியப்பண்ணன் எந்தச் சீமைக்குப் போனாலும் நம்மூர்க்காரர்தானே? நான்தான் பெரியவன்" என்று ஊர்க் கடிகாரம் ஓயாமல் ஜம்பம் அடித்தது.

முதல் பயணத்திலேயே வினை வந்தது. ஜெர்மனியில் காலையில் கண்விழித்த சென்னியப்பன் அவசரத்தில் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ, கூட்டம் முடிஞ்சிருக்குமே!" என்று சாப்பிடாமல்கூட ஓடினார். அங்கே அலுவலகம் இன்னும் திறக்கவே இல்லை. பூட்டிய கதவின் முன்னால் குளிரில் வெடவெடத்து நின்றார்.

ஊர்க் கடிகாரத்துக்குச் சுருக்கென்றது.

"நீயே பெரியவனா இருந்துட்டுப் போ. நான் ஓரமா ஒதுங்கிக்கிறேன்" என்று மற்றதிடம் சொல்லிவிட்டுப் பொட்டளவாகச் சுருங்கி, திரையின் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அவர் ஊர் திரும்பியதும் கைபேசியில் அதைப் பார்த்த தாரிணி, "அட, இதுதான் அழகு" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

அடுத்த பயணத்தில் ஒரு கூட்டத்துக்கும் நேரம் தவறவில்லை. மாலையில் வேலை முடிந்ததும் சென்னியப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூலையிலிருந்த சின்னக் கடிகாரத்தைத் தேடிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டார்.

"என்ன புள்ள, சாப்பிட உக்காந்தாச்சா?"

பெரிய கடிகாரம் மெல்லக் கேட்டது: "நாள் முழுக்க என்னைத்தானே பார்த்தாரு, ஒரு தடவைகூடச் சிரிக்கலையே?"