ரிப்பனுக்கு அந்தப் பக்கம்

டைல்ஸும் குழாயும் விற்கிற கம்பெனி பெண்கள் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக்கொடுத்தால் புண்ணியமும் சேரும், பேரும் நிலைக்கும் என்று யோசனை சொன்னவளே அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கும் பிரமிளாதான். கட்டடம் கோடையிலேயே முடிந்துவிட்டது. ஆடி போய் ஆவணியும் வந்த பிறகு, கம்பெனி சேர்மனுக்கு இன்றைக்குத்தான் நேரம் ஒழிந்தது. அதுவரை பூட்டு. சாவி இப்போது பிரமிளாவின் மூடிய கைக்குள் வியர்வையில் நனைந்துகொண்டிருந்தது. வாசலில் சிவப்பு ரிப்பன், அதன் முன்னால் காலையிலிருந்து பூத்தட்டோடு நிற்கும் பிள்ளைகள். அவர்கள் வழக்கமாக ஒதுங்கும் கருவேலங்காட்டு ஓரத்தில் இன்று விருந்தாளிகளின் கார்கள். வரிசையின் கடைசியில் ஒருத்தி கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். தட்டிலிருந்து இதழ்கள் உதிர்ந்தன. “தண்ணி குடிக்காதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன், மேடம்” என்று தலைமையாசிரியை சங்கடமாகச் சிரித்தார். போனில் மேலதிகாரி: “யாரும் உள்ள போயிடக்கூடாது. சேர்மன்தான் முதல்ல குழாயைத் திறக்கணும். ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமே அதுதான்.” “சரிங்க சார்” என்றாள் பிரமிளா. கடைசிப் பிள்ளையின் கால்கள் இப்போது அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பிரமிளாவின் கையையே பார்த்தாள். பிரமிளா விறுவிறுவென்று போய்ப் பூட்டைத் திறந்தாள், ரிப்பனைத் தூக்கிப் பிடித்தாள். பிள்ளை குனிந்து உள்ளே ஓடினாள், தாழ்ப்பாள் விழுந்தது. கேட்டில் ஹாரன் கேட்டது, மேளம் தொடங்கியது. ரிப்பனை இறக்கிவிடலாமென்று பிரமிளா திரும்பினாள். பூத்தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டு, வரிசை முழுவதும் அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தது.