காப்பிக்கொட்டை வாசனை

பெருநாள் காலையில் பரக்கத் பீவி இரும்புச் சட்டியில் ஒரு கைப்பிடி பச்சைக் காப்பிக்கொட்டையைப் போட்டு வறுத்தாள். கொட்டை படபடவென்று வெடித்ததும் ஜன்னலை அகலத் திறந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மா இறால் கிண்ணத்தோடு வந்தாள்.

"இன்னா பீவிக்கா, வாசனை தெருவைத் தூக்குது. புள்ளை வந்துட்டானா?"

"நேத்தே வந்துட்டான். அவனுக்குக் கடைத்தூள் ஆவாது. உள்ள தூங்குறான், மெதுவா பேசு."

"போன பெருநாளுக்கும் தூங்கிக்கினுதான் இருந்தான். நான் மூஞ்சியே பாக்கல."

"பெத்தவளை மறந்துட்டான்னு பேசுன வாயெல்லாம் இப்ப இன்னா சொல்லும்?"

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தோளில் பையோடு இறங்கிய அஸாருதீன், "அம்மா" என்றான்.

பரக்கத் பீவியின் கரண்டி நின்றது. மூன்று வருடம் கழித்து இன்றுதான் அவன் இந்த வாசலை மிதிக்கிறான்.

கோவிந்தம்மா இருவரையும் பார்த்தாள். கிண்ணத்தை அடுப்பருகே வைத்தாள்.

"இன்னா தம்பி, தூங்கி எழுந்ததும் எங்க கிளம்பிப் போன? உனக்குன்னுதான் அம்மா வறுத்துக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

சட்டியில் கொட்டை கரிந்தது. மகனை நிமிர்ந்து பார்க்க பரக்கத் பீவியால் முடியவில்லை.