பாசியின் வாக்குமூலம்

கடலில் கழிவு கலக்கிறதா என்பதை அந்தக் கரையில், தண்ணீரில் கலந்ததை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் கடல்பாசிதான் சொல்ல வேண்டும். அதற்காகக் கரையோரக் கடலில் வீட்டுக்கொரு கயிற்றில் பாசி கட்டிக் கொடுத்திருந்தது அரசு.

இருளாயியின் கயிற்றில் பாசி மெலிந்தே கிடந்தது. எடைக்குப் பாசி விற்று வளர்ந்தவள் அவள். ஆய்வாளர் முன்னால் மானம் போகுமே என்று தினமும் ஒரு குடம் தண்ணீரில் யூரியாவைக் கரைத்துக் கயிற்றடியில் ஊற்றி வந்தாள்.

ஆய்வாளர் வந்தார். கொழுகொழுவென்றிருந்த பாசியைக் கிள்ளிக் கருவியில் வைத்தார்.

“உரக்கழிவு ஏகத்துக்கும் இருக்கு. ஆறு மாசத்துக்கு இங்க யாரும் வலை போடக் கூடாது.”

வலையோடு நின்ற அவள் புருஷன் நம்புராஜன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“ஐயா, பாசி நல்லா வரட்டும்னு நான்தான் யூரியா ஊத்துனேன்.”

ஆய்வாளர் அவளை இரக்கத்தோடு பார்த்தார்.

“ஊருக்காகப் பழிய ஏத்துக்கிறீங்க, புரியுதும்மா. ஆனா பாசி பொய் சொல்லாது.”