எட்டாம் தாள்

என் கதைகளை முதலில் படிப்பவள் என் மனைவி பூங்கோதை. எதைக் கொடுத்தாலும் “நல்லாருக்குங்க” என்பாள். படிக்காமலேயே சொல்கிறாளோ என்று எனக்கு வெகுநாளாகச் சந்தேகம். இன்று காலை, புதிய கதையின் ஏழாம் தாளையும் எட்டாம் தாளையும் ஒரு வெள்ளைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் கொடுத்தேன். எட்டாம் தாளில் நாயகன் மனைவிக்குத் தெரியாமல் ஒருத்திக்குக் கடிதம் எழுதுகிறான். அந்தக் கடிதம் என் கற்பனை அல்ல. சாயங்காலம் பூங்கோதை கதையைத் திருப்பித் தந்தாள். “நல்லாருக்குங்க. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பப் போறீங்க?” தாள்கள் ஒட்டியபடியே இருந்தன. பதினெட்டு வருடமாக என்னை ஏமாற்றியிருக்கிறாள் என்ற கோபமும், நல்லவேளை என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தன. மெல்லப் பிரித்தேன். நடுவில் நசுங்கியிருந்த பருக்கை மஞ்சளாக இருந்தது. மதியம் அவள் எலுமிச்சை சாதம் கிளறியிருந்தாள்.