மீன்தொட்டிக்கு மேலே ஒரு கான்

லிங்கநகரில் தனியாக இருந்த ஹெக்டர், தண்ணீர் நிரப்பிய பிளாஸ்ரிக் கானை மீன்தொட்டிக்கு மேலே தலைகீழாகக் கட்டினான். அதன் வாய் தொட்டித் தண்ணீரைத் தொட்டபடி நின்றது.

"தொட்டியில தண்ணி வத்த வத்த இது தானா ஊத்தும், பூரணியக்கா. ஒரு மாசம் தாங்கும். தின்னப் பாசி இருக்கு."

பக்கத்து வீட்டுப் பூரணி, கதிரையில் தயாராக இருந்த பையைப் பார்த்தாள்.

"ஏன் இந்தக் கூத்து? நான் வந்து ஊத்தமாட்டனே?"

"போன முறையும் அப்பிடித்தான் சொன்னீங்கள். படலைப் பக்கமே வரேல்லை."



வாசலில் ஜீப் வந்து நின்றது. பூரணி குசினிப் பின்கதவு வழியாக வெளியேறினாள். உள்ளே நுழைந்த இராணுவ அதிகாரி பையைக் கண்டான்.

"எங்க போறது?"

"உங்களோடைதான். காலமை துறைமுகத்தில குண்டு வெடிச்சதெல்லே? எப்பவும் என்னைத்தானே முதல் பிடிக்கிறனீங்கள்."

அதிகாரி கானைக் காட்டினான். "இது என்ன?"

ஹெக்டர் பையைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"போன முறை இருபது நாள் வைச்சு அடிச்சியள், நான் சாகேல்லை. இங்க என்ரை மீன்தான் செத்தது. இந்த முறை அதுவும் சாகாது."